கண்ணாடிக்கு வெளியே நிற்காதீர்கள்

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



நானும் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவள்தான். என் மகன் 29ஆவது வாரத்தில் பிறந்தான். பிறந்த நிமிடத்திலிருந்தே மூச்சுக்குத் திணறினான். தொண்டையில் குழாய், பிறகு மூக்கில் குழாய், பிறகு வெறும் ஆக்சிஜன் என்று வாரக்கணக்கில் உள்ளே இருந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். உங்கள் குழந்தையும் இப்படியே வந்துவிடும் என்று என்னால் சத்தியம் செய்துதர முடியாது. அப்படிச் செய்பவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். உள்ளே இருக்கும் குழந்தையின் சிகிச்சையில் உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. எவ்வளவு பெரிய டாக்டராலும், எவ்வளவு விலையுயர்ந்த மெஷினாலும் அதைச் செய்ய முடியாது. அதைச் செய்ய நீங்கள் உள்ளே போக வேண்டும். உள்ளே போகப் பயம் விலக வேண்டும். பயம் விலக, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் குழந்தையின் நெஞ்சுக்குள் நடப்பது. நுரையீரல் முழுக்கச் சின்னஞ்சிறு காற்றறைகள். மூச்சை இழுக்கும்போது அவை விரிய வேண்டும். மூச்சை விட்ட பிறகும் முழுக்க மூடிக்கொள்ளாமல் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு அவற்றின் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு தேவை. டாக்டர்கள் சர்ஃபாக்டன்ட் என்று சொல்வது அதைத்தான். கருவில் 24ஆவது வாரத்தையொட்டி அது உருவாகத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர்வதற்கு 34, 35 வாரங்கள் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தப் பூச்சு போதவில்லை. ஈரமான பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல் காற்றறைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை அவற்றைப் புதிதாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மூக்கு விடைப்பதும், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவதும் அந்த உழைப்பின் அடையாளம். மூச்சு விடும்போது கேட்கும் முனகலும் அப்படித்தான். வெளியே போகும் காற்றைத் தொண்டையிலேயே கொஞ்சம் தடுத்து நிறுத்தி, காற்றறைகள் மூடிவிடாமல் குழந்தை பார்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத பிள்ளையும் யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்கிறது. அந்த முனகலைக் கேட்டு நெஞ்சு பதறும்போது, அது உங்கள் குழந்தை தனக்காகப் போராடும் சத்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மெஷின்களும் மருந்துகளும். பிரசவத்துக்கு முன்பு உங்களுக்கு, ‘குழந்தையின் நுரையீரல் முதிர’ என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. குழந்தையின் மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போய், இடைவிடாமல் குமிழி விடுகிறதே, அதுதான் சிபேப். குழாய் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதோ அத்தனை அழுத்தம் குழந்தையின் நுரையீரலில் நிற்கும். முனகல் செய்யும் அதே வேலையை அது குழந்தைக்காகச் செய்கிறது. மூச்சு விடும்போதும் அழுத்தத்தை விட்டுவிடாமல் வைத்திருக்கும் இந்த வழியை 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி காட்டினார். தொண்டைக்குழாய் வழியாக ஊற்றினார்களே பால்போல் வெள்ளையாக ஒரு மருந்து, அது விலங்குகளின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய சர்ஃபாக்டன்ட். ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1980இல் அதன் பலனை உலகுக்குச் சொன்னார்.

இவை எதுவும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், ஐந்தரை வாரம் முன்னதாக. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அந்த நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பாஸ்டனில் சுற்றி நின்றும், 39 மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பூச்சு போதாததுதான் இந்த மூச்சுத்திணறல் நோயின் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி 1959இலேயே சொல்லியிருந்தார். ஆனால் மருந்து வந்திருக்கவில்லை. அதே எடையில், அதே வாரத்தில், அதே மூச்சுத்திணறலோடு பிறக்கும் குழந்தையை இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சிபேப் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் குழந்தையைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு குழாய்க்குப் பின்னும், காப்பாற்ற முடியாமல் போன குழந்தைகளிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் இருக்கிறது. அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மானிட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஓடும் எண்களிலேயே நம் உயிரும் ஓடும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 92 என்று காட்டினால், ஏன் 100 இல்லை என்று மனம் தவிக்கும். கூடுதலாக ஆக்சிஜன் வைத்திருக்கிற குறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக 90க்கும் 95க்கும் நடுவில்தான் வைத்திருப்பார்கள். ஆக்சிஜனும் ஒரு மருந்து. அளவு மிஞ்சினால் கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடும். ஆகவே 100 வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள்.

சில நேரம் குழந்தை மூச்சுவிடவே மறந்துவிடும். அலாரம் அடிக்கும், இதயத்துடிப்பு இறங்கும், உதடு நீலம் பாயும். சிஸ்டர் வந்து உள்ளங்காலைத் தட்டுவார் அல்லது முதுகைத் தடவுவார், மூச்சு திரும்பும். 20 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதை அப்னியா என்கிறார்கள். மூச்சுவிடச் சொல்லி உத்தரவிடும் மூளையின் பகுதி இன்னும் முதிராததால் வருவது இது. இதற்குக் கொடுக்கும் மருந்து கேஃபீன், காப்பியில் இருப்பதேதான். நாள்கள் போகப்போக இந்த நிறுத்தங்கள் குறையும். பிரசவத் தேதியை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். அலாரம் அடித்தால் முதலில் மானிட்டரைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். நிறம் எப்படி இருக்கிறது? நெஞ்சு ஏறி இறங்குகிறதா? காலில் கட்டிய சென்சார் நழுவினாலும் அலாரம் அடிக்கும். குழந்தையைப் பார்த்துப் பழகிய கண், கொஞ்ச நாளில் எண்ணுக்கு முன்பே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. முதல் வாரத்தில் எடை குறையும். பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம்வரை ஆகலாம். சிபேப்பிலிருந்து எடுத்த குழந்தையை மறுபடி சிபேப்பில் போடுவார்கள். ஏறிக்கொண்டிருந்த பாலை நிறுத்துவார்கள். திரும்பிப் போனதெல்லாம் தோல்வி இல்லை. குழந்தை களைத்துப்போயிருக்கிறது, ஓய்வு கொடுக்கிறார்கள்.

இனிப் பயத்தைவிடக் கனமான ஒன்றுக்கு வருகிறேன். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது உறவினர்கள் வருவார்கள். மாடிப்படி ஏறினாளாம், ஸ்கூட்டியில் போனாளாம், பப்பாளி சாப்பிட்டாளாம் என்று ஆளுக்கொரு காரணம் கொண்டுவருவார்கள். அம்மாக்களே, அதில் எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தக் கொதிப்பு, நோய்த்தொற்று, பனிக்குடம் முன்னதாக உடைதல், இரட்டைக் கரு, கருப்பை வாயின் பலவீனம் என்று குறைப்பிரசவத்துக்கான காரணங்கள் பல. எத்தனையோ பேருக்குக் காரணமே தெரிவதில்லை. உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் மற்ற எல்லா நாடுகளையும்விட இந்தியாவில் பிறந்தவர்களே அதிகம். அத்தனை அம்மாக்களும் பப்பாளி சாப்பிட்டவர்கள் இல்லை.

‘ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது’ என்று ஒரு பெரியவர் சொல்லக்கூடும். என்னிடமும் சொன்னார்கள். இது உண்மையில்லை. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் வலு சேர்க்கிறது; எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும் வாய்ப்பு ஏழாம் மாதத்துக் குழந்தையைவிட அதிகம். உங்களுடையது எட்டாம் மாதக் குழந்தை என்றால் இதை அந்தப் பெரியவரிடம் நிதானமாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் வேலை.

முதலாவது, பால். குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்ற மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் 34 வாரத்தையொட்டித்தான் வரும். அதுவரை மூக்கிலோ வாயிலோ போட்ட குழாய் வழியாகப் பால் போகும், பிறகு பாலாடை, பிறகுதான் மார்பு. ஆனால் பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே நீங்கள் பால் பீய்ச்சத் தொடங்கிவிட வேண்டும். முதலில் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். அந்தச் சொட்டுகளைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும், இரவிலும் விடக்கூடாது. குழந்தை பக்கத்தில் இல்லாமல் பால் பீய்ச்சுவது எவ்வளவு வெறுமையான வேலை என்று எனக்குத் தெரியும். மார்பு கனக்கும், கண்ணீர்தான் முதலில் வரும். இருந்தாலும் செய்யுங்கள். குறைமாதக் குழந்தையின் குடலை அழுகவைக்கும் ஒரு கொடிய நோய் உண்டு. அதற்கு எதிராக நம்மிடம் இருக்கும் மிகப்பெரிய பாதுகாப்பு தாய்ப்பால். உங்களுக்கு இன்னும் சுரக்கவில்லை என்றால், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழகத்திலும் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வங்கிகள் இருக்கின்றன.

இரண்டாவது, உங்கள் நெஞ்சு. கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர்கள் போதாத ஆஸ்பத்திரியில், குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தியது அது; இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. உடல்நிலை சீரான பிறகு கங்காரு முறையைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்த உடனேயே தொடங்கியபோது அது 12 ஆகக் குறைந்தது. இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததற்குக் காரணம் புதிய மருந்து இல்லை. தாயின் தோலும் சூடும் வாசமும்தான். அந்தக் குழந்தைகள் தீவிர சிகிச்சையை விட்டு வெளியே வரவில்லை. தாய்மார்களுக்கு உள்ளேயே கட்டில் போட்டார்கள். இதன் பிறகு 2022இல், கங்காரு முறையைப் பிறந்த உடனே தொடங்க வேண்டும், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

சிபேப்பில் இருக்கும் குழந்தையையும் மார்பில் வைக்கலாம். குழாய் நழுவிவிடுமோ என்று கை நடுங்கும். சிஸ்டர் கூட இருப்பார். தலையை ஒருபக்கமாகத் திருப்பி, தாடை கழுத்தில் மடங்கிவிடாமல் லேசாக நிமிர்த்தி, மூச்சுப்பாதை திறந்திருக்கும்படி வைக்க அவர் சொல்லித்தருவார். உங்கள் மூச்சின் ஏற்ற இறக்கத்தில் குழந்தையின் மூச்சு சீராவதை மானிட்டரிலேயே பார்ப்பீர்கள். என் மகனுக்கு சாச்சுரேஷன் அதிகம் தள்ளாடாமல் நின்றது என் மார்பில் படுத்திருந்தபோதுதான்.

அப்பாக்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அம்மா ஆபரேஷன் முடிந்து வேறு வார்டில் கிடப்பார். குழந்தை இங்கே இருக்கும். நீங்கள் மருந்துச் சீட்டும் ரத்தப் பையுமாக இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் யாரும் ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன். ஓட்டத்தை ஒரு மணி நேரம் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் குழந்தையை மார்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் நெஞ்சும் கங்காரு நெஞ்சுதான்.

மூன்றாவது, கையும் குரலும். உள்ளே போகும்போது மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிதான் அங்கே பெரிய எதிரி. மற்றவர்கள் கழுவாமல் தொட வந்தால், அது டாக்டராகவே இருந்தாலும், தயங்காமல் நினைவூட்டுங்கள். தொடும்போது தடவாதீர்கள், குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது, தடவல் அதைத் தொந்தரவு செய்யும். ஒரு கையைத் தலையிலும் மறுகையைக் காலிலும் அசையாமல் வைத்துப் பொத்திக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுங்கள். வயிற்றுக்குள் கேட்ட குரல் அது, குழந்தைக்குத் தெரியும்.

‘உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சில இடங்களில் இன்னும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அனுமதி. மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பெற்றோரைப் பயிற்றுவித்து, சிகிச்சைப் பிரிவுக்குள் அனுமதித்து, பராமரிப்பில் பங்கெடுக்கவைக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2017இல் வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால், நோயுற்ற கைக்குழந்தைக்கு ஒரு வயதுவரை மருந்து, பரிசோதனை, ரத்தம், ஆம்புலன்ஸ் எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம். இது சலுகை இல்லை, உரிமை.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வரும்போது ‘எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் வரும். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு குறிப்பாகக் கேளுங்கள். இன்று ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நேற்று எத்தனை? அப்னியா எத்தனை முறை வந்தது, தானே சரியானதா, தட்ட வேண்டியிருந்ததா? பால் எத்தனை மில்லி? தலை ஸ்கேன் எடுத்தாயிற்றா? இன்று நான் மார்பில் வைக்கலாமா? புரியாத வார்த்தை வந்தால், தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்கள் குழந்தையைக் குறைவாகக் கவனிக்கப்போவதில்லை.

எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்கு வருவதில்லை. இதை மறைத்து எழுதினால் இந்த மடல் பொய்யாகிவிடும். என் மகனுக்கு அடுத்த வார்மரில் இருந்த குழந்தை வீட்டுக்குப் போகவில்லை. அதன் அம்மா கடைசிவரை அதை மார்பில் வைத்திருந்தார். குழந்தை பிழைக்கவில்லை என்பதால் அந்த மணி நேரங்கள் வீணாகிவிடவில்லை. அந்தக் குழந்தைக்கு ஓர் அம்மா கிடைத்தார். அந்தக் குழந்தை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அவருடைய சூட்டில் கழித்தது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், ‘வேறொன்று பிறக்கும்’ என்று சொல்லி உங்கள் வாயை அடைக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அழுங்கள்; பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே அழுங்கள்.

வீட்டுக்கு வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். விழித்திரைப் பரிசோதனையை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்து நான்கு வாரத்துக்குள் செய்தாக வேண்டும். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. தவறவிட்ட சில வாரங்களில் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். காது கேட்கும் சோதனையும் முக்கியம். தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். தவழ்வதையும் நடப்பதையும் மட்டும், பிறக்கவேண்டியிருந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு வயதுவரை அந்தக் கணக்குதான் நியாயம்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம். உங்கள் வீட்டில் வேண்டாம். இந்த நுரையீரலுக்குப் புகை எதுவும் ஆகாது. கொசுவத்தியும் பீடி சிகரெட்டும் அப்படித்தான். மூக்கில் எண்ணெய் விடுவது, சேனை வைப்பது, உரைமருந்து கொடுப்பது எதுவும் வேண்டாம். மல்லாக்கவே தூங்கவையுங்கள். சளி, இருமல் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்; மாமியாரோ நாத்தனாரோ கோபித்துக்கொண்டால் டாக்டர் பெயரைச் சொல்லிவிடுங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு ஓடினால், நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலமானால், பால் குடிக்காமல் துவண்டால், காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

படித்து முடித்துவிட்டீர்கள். இப்போதே எழுந்து போய் சிஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நான் எப்போது உள்ளே வரலாம்? என் பாலை எப்படித் தருவது? குழந்தையை எப்போது என் மார்பில் வைப்பீர்கள்? இன்றைக்கு இல்லை என்று சொன்னால், நாளைக் காலையில் மறுபடி கேளுங்கள். கேட்டு உள்ளே போகும்போது, பக்கத்தில் தயங்கி நிற்கும் இன்னொரு அம்மாவையும் இன்னொரு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த வாசலில் இருந்த ஓர் அம்மா